பதினெட்டு வயதில் மட்டையைக் கீழே வைக்கிறவர்கள்

2025 டிசம்பர் 10, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது அர்ஜென்டினா 2, இந்தியா 0. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று அடி வாங்கிய பையன்கள் இதையும் விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நடந்ததே வேறு. ஒன்றன் பின் ஒன்றாக நான்கு கோல்கள் விழுந்தன. 4–2 என்று ஆட்டத்தைப் புரட்டிப்போட்டு வெண்கலத்தை வாங்கினார்கள். அடுத்து நடந்த இறுதிப் போட்டியில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் தோற்கடித்து ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது.

24 நாடுகள், சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள். தமிழ்நாட்டில் ஹாக்கிக்கு இவ்வளவு பெரிய திருவிழா சமீபத்தில் நடந்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள், வீடு திரும்பி மட்டை கேட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அன்று பதக்கம் வாங்கிய பையன்களில் பெரும்பாலோருக்கு அதோடு ‘ஜூனியர்’ என்ற அடைமொழி முடிந்துபோனது. ஜூனியர் உலகக் கோப்பைக்கு 21 வயதுதான் எல்லை. போட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. இனி அவர்கள் சீனியர்களோடுதான் மோத வேண்டும்.

அவர்களையாவது நாடு கவனிக்கும். முகாம் இருக்கிறது, லீக் இருக்கிறது, பெயர் தெரிந்துவிட்டது. மாவட்ட அளவில் நன்றாக ஆடி, மாநில செலக்‌ஷனில் கடைசிச் சுற்றில் விடுபட்டு, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கு வரும் பையனின் கதை வேறு. அதே நிலையில் இருக்கும் பெண்ணின் கதை இன்னும் வேறு. ஒரு தேசத்தின் ஹாக்கி உயிரோடு இருப்பது பதக்க மேடையில் நிற்கும் 18 பேரால் மட்டுமல்ல. சனி, ஞாயிறுகளில் ஊர் கிரவுண்டுக்கு வந்து ஆடும் பெரியவர்களால். அந்தப் பெரியவர்கள் கூட்டத்துக்குள் ஒரு பதினேழு வயதுக்காரர் நுழைய முடிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

படி எங்கே முடிகிறது?

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை ஹாக்கிக்கு வருவது பெரும்பாலும் பி.டி. மாஸ்டர் வழியாக. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கையில் மட்டை கொடுக்கப்படுகிறது. அப்புறம் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி. திறமை தெரிந்தால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கே. தேசிய அளவில் சப்-ஜூனியர், ஜூனியர் என்று வயதுவாரியாகச் சாம்பியன்ஷிப்புகள் நடக்கின்றன. இதுவரை ஏணியில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பிளஸ் டூவோடு அந்த ஏணி பலருக்கு நின்றுவிடுகிறது. கல்லூரி அணி கிடைத்தால் மூன்று வருடம். சிறப்புநிலை விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்களுக்கு? சீனியர் ஹாக்கி என்றால் தமிழ்நாட்டில் இன்றும் பெரும்பகுதி நிறுவன அணிகள்தான்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, போலீஸ். வேலை கிடைத்தவர் ஆடலாம். ஆடத் தெரிந்தவருக்கே வேலை கிடைக்கும். ஆனால் ஆடத் தெரிந்தவர் என்று நிரூபிக்க ஒரு பையன் 18 வயதிலிருந்து 22 வயது வரை எங்கேயாவது ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமே, அது எங்கே? நகரங்களுக்கு வெளியே இதற்குப் பதில் அநேகமாக இல்லை. இந்த நான்கு வருடத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் உள்ளூர் கிளப்பின் வேலை. வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

பெரியவர்களின் ஆட்டம் ஏன் பயமுறுத்துகிறது?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் உடல்வலு விஷயமாகத் தெரியும். அதுவும் உண்மைதான். பதினாறு வயதுப் பையன் முப்பது வயது தடுப்பாட்டக்காரரின் தோளில் மோதினால் யார் விழுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டியான உருண்டை. அனுபவமுள்ள ஒருவர் டிராக் ஃபிளிக் அடித்தால் அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும். பெனால்டி கார்னரில் முதல் ஆளாகக் கோலிலிருந்து ஓடிவரும் வேலையை முகக் கவசமும் முழங்கால் காப்பும் இல்லாத பையனுக்குக் கொடுப்பது குற்றம். ‘ஜூனியர்தானே, அவனை ஓடவிடு’ என்று சொல்லும் வழக்கம் எந்தக் கிளப்பில் இருந்தாலும் அது முதலில் நிற்க வேண்டும்.

ஆனால் வலுவைவிடப் பெரிய வித்தியாசம் நேரம். பள்ளி ஆட்டத்தில் பந்தை வாங்கி, நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, பிறகு பாஸ் கொடுக்க இரண்டு விநாடி கிடைக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் பந்து வருவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் நான்கு பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடியே பெயர் வாங்கிய பையன்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறான். அவன் செய்துவந்த எதுவும் இங்கே பலிப்பதில்லை. மூன்று ஆட்டம் இப்படிப் போனால், நான்காவது ஆட்டத்துக்கு அவன் வரமாட்டான். அவன் திறமை எங்கும் போய்விடவில்லை. இரண்டு விநாடி அரை விநாடியாகச் சுருங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தரையும் ஒரு தடை. மண் தரையில் கற்றவர் செயற்கைப் புல்தரையில் ஏறும்போது பந்தின் வேகம், துள்ளல், மட்டை பிடிக்கும் உயரம், குனியும் கோணம் எல்லாம் மாறுகின்றன. இது சிறுவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை போடப்பட்ட 1976 மாண்ட்ரீலில் ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. உலக சாம்பியன்களுக்கே ஒரு தரை மாற்றம் இப்படி என்றால், மண்ணில் ஓடிப் பழகிய மாவட்டப் பையன் டர்ஃப்பில் முதல் நாள் திணறுவதைப் பார்த்துவிட்டு ‘இவன் தேறமாட்டான்’ என்று குறித்துக்கொள்வது எவ்வளவு அவசரம்!

கோவில்பட்டி சொல்லும் கதை

இந்த இடைவெளியை ஓர் ஊரால் கடக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி. கரிசல் காட்டு ஊர். பெரிய நகரமல்ல, பணக்கார ஊருமல்ல.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணியை அனுப்பியது. அதில் இரண்டு தமிழ்ப் பெயர்கள்: எஸ். மாரீஸ்வரன், எஸ். கார்த்தி. தமிழ்நாட்டிலிருந்து இந்திய சீனியர் அணிக்கு ஆள் போய் வெகு காலமாகியிருந்த நேரம் அது. ஒலிம்பிக்குக்கு வி.ஜே. பீட்டரையும் வி.ஜே. பிலிப்ஸையும் கிருஷ்ணமூர்த்தி பெருமாளையும் அனுப்பிய மாநிலம். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்கு வாசுதேவன் பாஸ்கரனைத் தலைவராகக் கொடுத்த மாநிலம். பின்னர் முகமது ரியாஸ், ஆடம் சின்கிளேர் என்று தொட்டுத் தொட்டு வந்த வரிசை அறுந்து கிடந்தது. ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. 1–1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தியின் மட்டையிலிருந்து வந்தது. இந்தியா அந்தத் தொடரில் வெண்கலம் வென்றது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி. சொந்த மாநில ரசிகர்கள் முன்னால், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் கார்த்தி கோல் அடித்தார். இறுதியில் மலேசியாவிடம் 1–3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4–3 என்று வென்றது.

கார்த்தி அரியலூர்க்காரர், மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். இருவரும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். விடுதியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விட்டது அதைச் சுற்றியுள்ள ஊரை. கோவில்பட்டியிலும் பக்கத்துக் கிராமங்களிலும் ஹாக்கி ஆடிய அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உண்டு. அங்கே ஒரு பையன் மட்டையோடு தெருவில் போனால் அது என்ன என்று கேட்க ஆள் இல்லை, ‘எந்த பொசிஷன்?’ என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது. ஊர்ச் செயற்கைத் தரையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, நாட்டின் பெரிய நிறுவன அணிகள் வந்து ஆடுவதை விடுதிப் பையன்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். சீனியர் ஆட்டம் அவர்களுக்குத் தொலைக்காட்சியில் வரும் சங்கதி அல்ல. எப்படிப் பந்து வாங்குகிறார்கள், பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார்கள், அம்பயரிடம் எப்படிப் பேசுகிறார்கள், தோற்ற பிறகு எப்படிக் கைகொடுக்கிறார்கள் என்பதெல்லாம் பத்தடி தூரத்தில் நடக்கிறது.

எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காதது இது. பெரியவர்கள் ஆடும் இடத்துக்கு அருகே சிறுவர்கள் வளர வேண்டும். ஜூனியர்களுக்குக் காலையில் தனி நேரம், சீனியர்களுக்கு மாலையில் தனி நேரம், இரண்டும் சந்திப்பதே இல்லை என்று நடத்தும் கிளப், நிர்வாகத்துக்கு வசதியானது, ஹாக்கிக்கு உதவாதது.

காத்திருப்பது ஒரு தகுதி

ஜூனியர் அணியின் நட்சத்திரம் சீனியர் அணியில் பெஞ்சில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால், சென்னையில் வெண்கலம் வென்ற ஜூனியர் அணியின் பயிற்சியாளரையே பார்க்கலாம். பி.ஆர். ஸ்ரீஜேஷ் இந்திய சீனியர் அணிக்காக முதலில் இறங்கியது 2006இல், கொழும்பு தெற்காசியப் போட்டியில். ஆனால் கோல்கம்பத்துக்கு நடுவே நிரந்தரமாக நின்றது 2011க்குப் பிறகுதான். ஆட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி என்ற இரு மூத்தவர்களுக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்து வருடம். கோல்கீப்பருக்கு இது இன்னும் கொடுமை. ஒருவர்தான் ஆட முடியும், இரண்டாமவர் பேடைக் கட்டிக்கொண்டு, ஆடாமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மனிதர் பிறகு நான்கு ஒலிம்பிக் ஆடினார். டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக்கம் வாங்கினார்.

2016 டிசம்பரில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி இன்னொரு பாடம். பெல்ஜியத்தை 2–1 என்று தோற்கடித்த இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். அந்த அணியின் ஹர்மன்பிரீத் சிங் அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் ஆடிவிட்டு டிசம்பரில் ஜூனியர்களோடு வந்து ஆடினார். சீனியராகிவிட்டால் மறுபடி ஜூனியர் பக்கம் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போய்வந்து போய்வந்துதான் அவர் பழகினார். சிம்ரன்ஜீத்துக்கு டோக்கியோவில் முதல் பட்டியலில் இடமில்லை, மாற்று ஆட்டக்காரர்தான். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கொரோனா காலத்தில் விதி தளர்ந்ததால் உள்ளே வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியை 5–4 என்று வென்று 41 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையவை.

லக்னோவில் கோப்பையை உயர்த்திய தலைவரின் பெயர் ஹர்ஜீத் சிங். அவர் வாழ்க்கையைப் பஞ்சாபியில் படமாகவே எடுத்தார்கள். அவர் ஒலிம்பிக் ஆடவில்லை. அது தோல்வி அல்ல. ஜூனியர் காலத்தில் யார் தலைவர், யார் நட்சத்திரம் என்பதை வைத்து 25 வயதில் யார் எங்கே நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. தேசியப் பயிற்சியாளர்களாலேயே சொல்ல முடியாததை, ஊர்க் கிளப்பில் பதினைந்து வயதிலேயே ‘இவன் ஆவான், இவன் ஆகமாட்டான்’ என்று பிரித்துவிடக் கூடாது.

பிரிப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. வயதுப் பிரிவுகளுக்கு ஆண்டின் ஒரு தேதியை எல்லையாக வைக்கும்போது, அந்தத் தேதிக்குச் சற்றுப் பின் பிறந்தவர் அதே பிரிவில் கடைசியாகப் பிறந்தவரைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவராக இருப்பார். பதின்மூன்று வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம். 1985இல் கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் பனி ஹாக்கி ஜூனியர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். பிறகு பல விளையாட்டுகளில், பல நாடுகளில் இதே கண்டுபிடிப்பு. நம்மூரில் வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் இதன்மேல் ஏறிக்கொள்கிறது. வயது மீறிய பையன் ஜூனியரில் எல்லோரையும் இடித்துத் தள்ளிக் கோப்பை வாங்குகிறான். சீனியரில் இடித்துத் தள்ள ஆள் கிடைப்பதில்லை. அவனும் போகிறான், அவனால் வெளியே நிறுத்தப்பட்ட உண்மையான ஜூனியரும் போய்விடுகிறான். ஒரு பொய்ச் சான்றிதழ் இரண்டு ஆட்டக்காரர்களைத் தின்றுவிடுகிறது. தாமதமாக வளர்கிற, டிசம்பரில் பிறந்த, ஒல்லியான பிள்ளையை 19 வயது வரை கைவிடாமல் வைத்திருப்பது கிளப்பால் முடியும். கிளப்புக்கு நாளைக்கே பதக்கம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

எட்டு நிமிடம் போதும்

சரி, என்னதான் செய்வது? ஹாக்கியின் விதியே இதற்கு இடம் கொடுக்கிறது. ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. போனவர் மறுபடி வரலாம். ஆட்டம் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதி. பதினேழு வயதுக்காரரை இரண்டாம் பகுதியில் எட்டு நிமிடம் இறக்கலாம். பக்கத்தில் பொறுமையான மூத்தவர் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வெளிவரிசையில், ஒரே ஒரு வேலை கொடுத்து இறக்க வேண்டும்: ‘உன் பக்கம் வரும் பந்தை நிறுத்தி உள்ளே கொடு, வேறொன்றும் வேண்டாம்.’ வெளியே வந்ததும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அடுத்த வாரம் பன்னிரண்டு நிமிடம். இரண்டு மாதத்தில் அவர் ஆட்டத்தின் வேகத்துக்குப் பழகியிருப்பார். 5–0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசி மூன்று நிமிடம் இறக்கிவிடுவது பயிற்சி ஆகாது. அது சும்மா மரியாதைக்கு.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிப் பக்கத்தில் இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. அங்குள்ள முள்ளிப்பட்டில் பட்டுத்தறிக்கு வரும் பிள்ளை முதல் நாளே கோர்வைச் சேலையில் கைவைப்பதில்லை. தார் சுற்றுகிறது, கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கிறது, பிறகு உடல் பகுதியில் சில அங்குலம். பக்கத்தில் நெய்பவர் கை எப்போதும் இருக்கிறது.

அப்படிப் பக்கத்தில் ஒரு கை இருந்ததால் வந்தவர்தான் தன்ராஜ் பிள்ளை. புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டையைக் கயிறு சுற்றி ஆடியவர். மும்பை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் ரமேஷ், தம்பியைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். அங்கே பெரியவர்களோடு ஆடித்தான் தன்ராஜின் வேகம் பண்பட்டது; பிறகு மஹிந்திரா அணி, ஜோக்கிம் கர்வாலோவின் பயிற்சி, 1989இல் இந்திய அணி. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. ஒவ்வொரு பிள்ளைக்கும் லீக் ஆடும் அண்ணன் வீட்டில் இருக்கமாட்டார். கிளப்பில் இருக்கும் 28 வயதுக்காரர் ஒருவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜூனியருக்கு ஒரு சீனியர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்தால் போதும். பயிற்சிக்கு வரவில்லை என்றால் போன் செய்ய வேண்டியவர் அவர். வெளியூர் மேட்சுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியவரும் அவரே.

நெதர்லாந்தில் ஹாக்கி கிளப்புகள் இதைக் குடும்ப வழக்கமாகவே வைத்திருக்கின்றன. ஒரே கிளப்பில் ஆறு வயதுக் குழந்தையும் ஆடும், அறுபது வயதுத் தாத்தாவும் ஆடுவார். முதல் அணி ஒன்றுதான் என்றாலும் அதற்குக் கீழே இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று வரிசையாக உண்டு. ஜூனியரிலிருந்து வருபவர் தம் தரத்துக்கேற்ற அணியில் நுழைகிறார். வளரும் பிள்ளைகளே அம்பயராக நிற்கப் பழகுகிறார்கள். நம்மூரில் கிளப் என்றால் ஒரே அணி; அந்தப் பதினொன்றில் இடமில்லை என்றால் கிளப்பிலேயே இடமில்லை. இரண்டாம் அணி என்பதை அவமானமாகப் பார்க்காமல், பதினேழு வயதுக்காரர் நால்வர், நாற்பதைத் தொட்ட மூத்தவர் நால்வர், மீதி நடுவயதுக்காரர்கள் என்று கலந்து ஓர் அணியை ஓட்டினால் இருதரப்பும் பிழைக்கும். ஓட முடியாத மூத்தவருக்குப் பந்து எங்கே வரும் என்று தெரியும். எங்கே வரும் என்று தெரியாத பையனுக்கு ஓடத் தெரியும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பெரியவர்களோடு சேர்க்கும்போது அவர்களின் பாதுகாப்பு கிளப்பின் பொறுப்பு. 2012இல் வந்த போக்சோ சட்டம் மைதானத்துக்கும் பொருந்தும். உடைமாற்றும் இடம் தனி, வெளியூரில் தங்கும் அறை தனி, பெற்றோருக்குப் போகும் இடமும் திரும்பும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும், மேட்ச் முடிந்து சீனியர்கள் மது குடிக்கும் இடத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. கேலி, கிண்டல், ‘ராகிங்’ எல்லாம் விளையாட்டின் ஒரு பகுதி என்று சொல்லும் மூத்தவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் அவர் ஜூனியர்களுக்கு அருகில் வேண்டாம்.

பெண்கள் எங்கே போகிறார்கள்?

பையன்களுக்கு ஏணியில் படி குறைகிறது என்றால், பெண்களுக்குச் சில ஊர்களில் ஏணியே எடுக்கப்பட்டுவிடுகிறது. பள்ளி அணியில் அசத்திய பெண்ணை, பிளஸ் டூவுக்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போக வீட்டில் விடுவதில்லை. இதற்கு எதிர்ச் சாட்சியும் உண்டு. ஹரியானாவின் ஷாஹாபாத் மார்கண்டா என்ற சிற்றூரில், வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகள் ராணி ராம்பால். பயிற்சியாளர் பல்தேவ் சிங்கின் மைதானத்தில் வளர்ந்து, 15 வயதில் 2010 உலகக் கோப்பையில் சீனியர்களோடு ஆடினார். 2013இல் ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற அணியிலும் அவரே இருந்தார். டோக்கியோவில் நான்காமிடம் பிடித்த இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அந்த ஊரிலிருந்து அவர் ஒருவர் மட்டும் வரவில்லை என்பதுதான் முக்கியம். ஒரு மைதானத்தில் முன்னால் போன அக்காக்கள் இருந்தால், பின்னால் வருபவளின் வீட்டில் பேசுவது எளிது. பெண்கள் அணிக்கு வெளிச்சம் உள்ள நேரத்தில் மைதானம், ஒரு பெண் பயிற்சியாளரோ மேலாளரோ, வீடுவரை கொண்டுபோய்விட வண்டி. இவை மூன்றும் இருந்தால் பாதிப் பேராவது தங்குவார்கள்.

முள்ளிப்பட்டில் தொடங்கினால்

இப்படியொரு கிளப்பை நினைத்துப் பார்க்க ஆரணிச் சுற்றுவட்டாரத்துக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்த மூலையில் பள்ளியை முடிக்கும் பிள்ளை தறியில் உட்காரலாம், பட்டுக்கடையில் நிற்கலாம், செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகலாம், சென்னைக்கு பஸ் ஏறலாம். எதுவானாலும் வாரநாள் மாலை கைக்கு வராது. ஷிஃப்ட் வேலைக்காரருக்கும் கூலிக்கு நெய்பவருக்கும் பயிற்சி நேரத்தை அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணி பலருக்கு ஒத்துவரும். முகூர்த்த காலத்திலும் தீபாவளிக்கு முன்னும் தறி ஓயாது. அப்போது வராதவர் பெயரை அடித்துவிடாமல் தை மாதத்தில் மறுபடி கூப்பிட வேண்டும்.

முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். சிற்றூர்களில் இந்த அளவுக்குச் சமதளம் கிடைப்பது சிரமம். கிடைக்கிற இடத்தில் ஐவர் ஹாக்கி ஆடலாம். அணிக்கு ஐந்து பேர், மைதானம் பாதிக்கும் குறைவு. இதற்கே உலகக் கோப்பை வந்துவிட்டது. 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி இறுதிவரை போய் நெதர்லாந்திடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. ஐவர் ஆட்டத்தில் பந்து எல்லோர் மட்டைக்கும் அடிக்கடி வரும். ஜூனியர்களையும் சீனியர்களையும் கலந்து ஆடவிட இதைவிட நல்ல வழி இல்லை. ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. அப்புறம் மாதம் ஒருமுறையாவது வண்டி பிடித்து ஒரு டர்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். எழும்பூர் தூரம்தான், ஆனால் போய்வர முடியாத தூரமல்ல.

செலவு என்று பார்த்தால் மட்டை, காலணி, கால் காப்பு, பல் காப்பு. வளர்கிற பிள்ளைக்கு மட்டை அளவு மாறிக்கொண்டே இருக்கும். 34 அங்குல மட்டையில் ஆடியவர் பெரியவர்கள் அணிக்கு வரும்போது 36.5க்கோ 37.5க்கோ மாற வேண்டும். பழைய மட்டைகளைச் சேகரித்துக் கிளப்பில் வைத்துச் சுற்றில் விடலாம். கோல்கீப்பர் கவசத்துக்கு மட்டும் பல ஆயிரங்கள் ஆகும். அதை ஒரு பிள்ளையின் வீட்டில் கேட்கக் கூடாது, கிளப்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். சந்தாவிலும் மாணவருக்கு ஒரு தொகை, சம்பாதிப்பவருக்கு ஒரு தொகை என்று வைத்தால் யாரும் காசுக்காக நிற்கமாட்டார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘இதனால வேலை கிடைக்குமா?’ நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; ரயில்வேயும் மத்திய அரசு நிறுவனங்களும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கின்றன. ஆனால் அதற்குக் கேட்கும் சான்றிதழ்களின் தகுதி உயர்ந்தது. ஊர்க் கிளப்பில் ஆடுபவர்களில் மிகச் சிலருக்கே அது எட்டும். இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும், எந்தப் படிவத்தை எப்போது வாங்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கிளப்பில் இருக்க வேண்டும். மாநில அணிக்கு ஆடியும் படிவம் வாங்காமல் விட்டு வாய்ப்பை இழப்பது தவிர்க்கக்கூடிய துயரம். மேலே போகிறவருக்கு இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. மறுபடி தொடங்கப்பட்ட ஹாக்கி இந்தியா லீக்கில் ஒவ்வோர் அணியும் 24 பேரில் குறைந்தது நான்கு இந்திய ஜூனியர்களை வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கும் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்று ஓர் அணி உண்டு.

தொடங்குவதற்குச் சரியான காலம் எது என்பதில் குழப்பமே இல்லை. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதம் வருகிறது. கல்லூரி திறப்பது அதற்கும் பிறகு. பள்ளி அணி இனி இல்லை, கல்லூரி அணி இன்னும் இல்லை. பையனும் பெண்ணும் வீட்டில் சும்மா இருக்கும் வாரங்கள். மட்டை மூலைக்குப் போவதும் அப்போதுதான். பொதுத் தேர்வுக்கு முன்பே பி.டி. மாஸ்டரிடம் அந்த ஆண்டு வெளியேறும் பிள்ளைகளின் பட்டியலை வாங்கி, கடைசித் தேர்வு முடிந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீனியர் நேரில் போய், ‘ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுக்கு வந்துடு தம்பி, உனக்கு ரைட் அவுட்ல இடம் வெச்சிருக்கோம்’ என்று சொல்லிவிட்டு வரலாம். கோடைப் போட்டிகள் மே மாதம் முழுவதும் நடக்கின்றன. முதல் எட்டு நிமிடத்தை அங்கே கொடுக்கலாம்.